கவுன்சிலர் ஏமாற்றுகிறாரா, அவரால் முடியவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். சென்னையின் தெற்கே, 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி ஒன்றில் ஒருவர் குடியிருக்கிறார். தெருவில் சாலை பெயர்ந்து கிடக்கிறது, ஒரு நல்ல மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, கழிவுநீர் பொங்குகிறது, இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களை நாய்கள் துரத்துகின்றன. கவுன்சிலரிடம் பலமுறை போயாயிற்று. ஒவ்வொரு முறையும் "சொல்லியிருக்கேன், சீக்கிரம் நடக்கும்" என்பதுதான் பதில். "கவுன்சிலருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் சட்டப் புத்தகத்தில் உள்ள அதிகாரப் பட்டியல் அவருக்குத் தேவையில்லை என்று தோன்றுகிறது. தன் கவுன்சிலர் செய்யக்கூடியதைச் செய்யாமல் இழுத்தடிக்கிறாரா, அல்லது அவர் கையில் இல்லாத ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோமா, இதை ஒரு சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

நானும் ஒரு வார்டு கவுன்சிலர்தான். 2011-இல் ஒரு முறை, 2022-இல் மறுபடியும் தேர்வானேன். கட்சியும் வார்டும் இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. உங்கள் கவுன்சிலரை எனக்குத் தெரியாது, அதனால் அவரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டேன். சட்டத்தில் இருப்பது எது, நான் வேலையில் பார்த்துத் தெரிந்துகொண்டது எது என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். முதல் வகை எல்லா மாநகராட்சி வார்டுக்கும் பொருந்தும். இரண்டாவது வகை என் வார்டில் உண்மை, உங்கள் வார்டில் கொஞ்சம் மாறலாம். பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு நடைமுறை இன்னும் வேறு மாதிரி இருக்கும்.

சரி, சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கவுன்சிலர் எந்த அதிகாரிக்கும் உத்தரவு போட முடியாது. மாநகராட்சியின் நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது, அவருக்குக் கீழே மண்டல அலுவலர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர் என்று வரிசை. உதவிப் பொறியாளரிடம் "இந்தப் பள்ளத்தை மூடுங்க" என்று நான் சொன்னால் சட்டப்படி அது ஒரு வேண்டுகோள்தான். ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பதிலோ பில் பாஸ் செய்வதிலோ எனக்குப் பங்கு கிடையாது. எனக்கு உள்ளது வேறு. மாமன்றத்தில் கேள்வி கேட்டு, அதற்கான பதிலைப் பதிவில் ஏற்ற முடியும். பட்ஜெட்டிலும் தீர்மானங்களிலும் ஓட்டு இருக்கிறது. வார்டு மேம்பாட்டு நிதி என்று ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் எந்த வேலை முதலில் என்று எழுதிக் கொடுக்க முடியும். வார்டு குழுவுக்கு நான்தான் தலைவர். இந்த வேலைக்கு மாநகராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்கள்.

இதெல்லாம் சின்ன அதிகாரமாகத் தெரியலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது, அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். அந்தக் காலத்தில் வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சாலையும் போட்டார்கள், வடிகாலும் கட்டினார்கள். ஆனால் பத்துத் தெரு காத்திருக்கும்போது எந்தத் தெரு முதலில் என்பதை மக்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. கவுன்சிலர் இருப்பதன் பயன் அந்த வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் தெருவை வரிசையில் ஏற்றுவது, ஏறிய தெரு கீழே நழுவாமல் பார்ப்பது, இரண்டும் அவருடைய வேலை. அவரிடம் நீங்கள் கணக்குக் கேட்க வேண்டியதும் இதற்குத்தான்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரு தெருச் சாலை வேலை இந்தப் படிகளில் நகர்கிறது: பொறியாளர் வந்து பார்க்கிறார், அளவெடுத்து எஸ்டிமேட் போடுகிறார், எந்த நிதியிலிருந்து என்று முடிவாகி அனுமதி கிடைக்கிறது, டெண்டர் விடுகிறார்கள், பணி ஆணை போகிறது, வேலை நடக்கிறது, செய்த வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், பில் போகிறது. "சொல்லியிருக்கேன்" என்ற பதில் இதில் எந்தப் படியையும் குறிக்கவில்லை. அதனால் அடுத்த முறை போகும்போது "எப்ப நடக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தக் கவுன்சிலரும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். "எஸ்டிமேட் போட்டாச்சா? எந்த நிதியில் போட்டிருக்காங்க? டெண்டர் முடிஞ்சுதா? பணி ஆணை எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். வேலையைக் கையில் எடுத்த கவுன்சிலருக்கு இதில் ஒன்றிரண்டாவது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் எதிரிலேயே ஏ.இ.-க்கு, அதாவது உதவிப் பொறியாளருக்கு, போன் போட்டுக் கேட்டுச் சொல்வார். இரண்டுமே இல்லாமல் மூன்றாவது முறையும் "சொல்லியிருக்கேன்" என்றால், உங்கள் தெரு இன்னும் காகிதத்துக்கே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இது சட்டத்தில் எழுதிய விதி கிடையாது, ஆனால் என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

சாலையை எடுத்துக்கொள்வோம். முதலில் அது யாருடைய சாலை என்று பாருங்கள். சென்னை மாநகராட்சியிடம் பஸ் போகும் சாலைகள் ஏறக்குறைய 400 கிலோமீட்டரும், உள் தெருக்கள் 5,200 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கின்றன. பஸ் சாலைகளுக்கு தலைமை அலுவலகத்தில் தனித் துறை, உள் தெருக்கள் மண்டலத்தில். ஆனால் நகரத்துக்குள் ஓடும் எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது ஆகாது. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. வேளச்சேரி–தாம்பரம் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். ஓ.எம்.ஆர். என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி சாலை, தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம். இந்தச் சாலைகளில் பள்ளம் என்றால் கவுன்சிலர் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பது உள் தெரு, அதனால் அது மண்டலத்தின் பொறுப்பு. இதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது வரிசை. 2011-இல் சேர்ந்த பகுதிகளில் நிறைய இடத்தில் பாதாளச் சாக்கடை இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. ஒரு தெருவில் முதலில் கழிவுநீர்க் குழாய், பிறகு குடிநீர்க் குழாய், மின் கேபிள், மழைநீர் வடிகால், எல்லாம் முடிந்த பிறகு சாலை. இந்த வரிசை மாறினால் புதிதாகப் போட்ட சாலையை ஆறு மாதத்தில் நடுவே கீறிவிடுவார்கள். அதனால் "ரோடு இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்க" என்று கவுன்சிலர் சொன்னால் சில நேரம் அது நல்ல பதில். ஆனால் பொறுக்கச் சொல்பவர் எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். எந்தத் துறை தோண்டப் போகிறது, அவர்களுக்குப் பணி ஆணை வந்துவிட்டதா என்று கேளுங்கள். பணி ஆணை வராத திட்டத்துக்காக ஒரு தெருவைப் பல வருடம் குண்டும் குழியுமாக விட்டுவைப்பதை நான் ஏற்க மாட்டேன். அப்படிப்பட்ட தெருவில் முழுச் சாலை போடாவிட்டாலும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யச் சொல்லலாம், அதற்குப் பெரிய அனுமதி தேவைப்படாது. இன்னொன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பொதுவாகச் சாலைவெட்டு வேலைகளை நிறுத்திவிடுவார்கள். அக்டோபரில் போய் நின்று ஏன் தோண்டவில்லை என்று கேட்டால் பதில் கிடைக்காது.

புதுச் சாலை போட வரும்போது ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும். இதற்கு மில்லிங் என்று பெயர். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும், மழைத்தண்ணீர் வாசல்படி ஏறும். மில்லிங் செய்யாமல் சாலை போடக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். தெருவில் ரெண்டு பேர் முழித்திருந்து, சுரண்டுகிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே ஏ.இ.-க்கும் கவுன்சிலருக்கும் போன் செய்யுங்கள். காலையில் சொன்னால் பயன் இல்லை.

தண்ணீர் தேங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் கவுன்சிலர்கள் கொடுக்க முடியாத வாக்குறுதிகளைக் கொடுக்கிறார்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. வடிகாலில் வண்டலை எடுப்பது, சாலையிலிருந்து தண்ணீர் இறங்கும் துளைகளைத் திறந்துவைப்பது, ஒரு தெரு வடிகாலை அடுத்த தெரு வடிகாலோடு இணைப்பது, இதெல்லாம் வார்டு அளவில் நடக்கக்கூடிய வேலைகள். செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் தெருவில் தூர்வாரி, எடுத்த வண்டலை அள்ளிக்கொண்டும் போயிருக்க வேண்டும். வண்டலை எடுத்து ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே போய்விடும். இதைக் கண்காணிப்பது கவுன்சிலரின் கடமை, நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது வார்டுக்கு வெளியே உள்ள கதை. தென்சென்னையின் பெரும்பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். கால்வாயும் மடுவும் நீர்வளத் துறையிடம், சதுப்புநிலத்தின் பெரும்பகுதி வனத் துறையிடம். நிலம் தட்டையாக இருப்பதால், சதுப்புநிலம் நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் தெரு வடிகாலில் உள்ள தண்ணீர் நகரவே நகராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி மழைக்கு உங்கள் தெரு வடிகாலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் போதாது. இரண்டு மணி நேர மழைக்கே தண்ணீர் நின்று, மறுநாளும் வடியவில்லை என்றால் அது தெரு வடிகால் கோளாறு, கவுன்சிலரை விடாதீர்கள். ஊர் முழுக்க மிதக்கும் நாளில் மட்டும் நின்றால் அது வெளிநீர்ப்போக்குப் பிரச்சினை. இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று அந்த இடத்தில் வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். உங்கள் தெரு இந்த இரண்டில் எது என்பதை ஒரு மழைக்காலம் முழுக்கத் தேதியும் நேரமும் போட்டு எடுத்த படங்கள் சொல்லிவிடும்.

கழிவுநீர் சென்னையில் மாநகராட்சியின் வேலையே இல்லை. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது நகராட்சி அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று பட்டியலிட்ட 18 துறைகளில் குடிநீரும் இருக்கிறது. ஆனால் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் தனி வாரியத்திடம் உள்ளன. அதனால் மேன்ஹோல் பொங்கினால் முதலில் உங்கள் பகுதியின் மெட்ரோ வாட்டர் அலுவலகமான டிப்போ, அல்லது 1916 என்ற உதவி எண். கவுன்சிலரிடம் சொல்லலாம், அவர் டிப்போ பொறியாளருக்குப் போன் செய்வார், நானும் அதைத்தான் செய்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பொங்கினால் மட்டும் அது அடைப்பைத் தாண்டிய விஷயம். குழாய் போதாமலோ, உந்து நிலையம் ஓடாமலோ இருக்கும். அப்போது புகார் எண்களை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள், அவர் மன்றத்தில் எழுப்ப அது உதவும்.

இந்த இடத்தில் குடியிருப்போர் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். "ஆளை இறக்கி எடுக்கச் சொல்லுங்கக்கா, அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும்" என்று என்னிடம் நல்ல மனிதர்களே சொல்லியிருக்கிறார்கள். மேன்ஹோலுக்குள் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது, கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கிய வாயுவில் ஒரு மூச்சிலேயே மயங்கி விழுவார்கள், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவார். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்கு முன் அது 10 லட்சமாக இருந்தது. எந்தத் தொகையும் ஒரு உயிருக்கு ஈடாகாது. அடைப்பு எடுக்கும் இயந்திர வண்டி வர இரண்டு நாள் ஆனாலும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாராகக் கூப்பிட்டு, பணம் கொடுத்து இறக்கவே இறக்காதீர்கள். அப்படி இறங்குபவர் யார், எந்தச் சாதி என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அதே மாதிரி, பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீர் லாரிச் செலவை மிச்சப்படுத்த வீட்டுக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகிறார்கள். இது சட்டவிரோதம். உங்கள் தெருவில் நாற்றமும் கொசுவும் இருந்தால் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். கவுன்சிலர் இதில் மௌனமாக இருப்பது ஓட்டுக்குப் பயந்து. இதை நான் சக கவுன்சிலர்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன்.

நாய் விஷயத்தில் கவுன்சிலரால் முடிந்தது மிகக் குறைவு. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். "எங்காவது கொண்டுபோய் விடுங்கள்" என்பதைச் செய்ய மாநகராட்சிக்கு உரிமை இல்லை. 2025-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று சொன்னது. தெருவுக்கு அது அப்படியே பொருந்தாது. உங்களால் முடிந்தது, கருத்தடை ஆகாத நாய்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்வது. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருப்பார்கள், பார்த்தாலே தெரியும். நாலு நாயைப் பிடித்து பத்து நாயை விட்டுவிட்டுப் போனால் பயன் இருக்காது, தெருவில் உள்ள எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிக்கச் சொல்லுங்கள். உணவு வைப்பவர்களோடு சண்டை போடாமல், குழந்தைகள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தையும் நேரத்தையும் அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள், விதிகளே அதைத்தான் சொல்கின்றன. யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். புகார் அப்புறம்.

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் கவுன்சிலர் வீடு வரை போக வேண்டியதில்லை. மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் சொன்னால் போதும், கம்பத்தில் உள்ள எண்ணைச் சொன்னால் இன்னும் வேகமாக நடக்கும். மின்தடையும் அறுந்த கம்பியும் மின்வாரியத்துடையவை, அதற்கு 94987 94987. இந்தச் சின்னப் புகார்களை நேரடியாகப் பதிந்துவிட்டால், கவுன்சிலரிடம் இருக்கும் நேரத்தைப் பெரிய வேலைக்குக் கேட்கலாம். என் நாளில் பாதி விளக்குக்கும் குப்பைக்கும் போன் செய்வதிலேயே போகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். வீடு கட்ட கவுன்சிலரின் அனுமதி எந்தச் சட்டத்திலும் தேவையில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் சுயசான்று முறையிலேயே அனுமதி வாங்கலாம். வாசலில் மணலும் ஜல்லியும் இறங்கியதும் "கவுன்சிலரைப் பார்த்தீங்களா?" என்று யாராவது வந்தால், அவருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். ஒரு கவுன்சிலராக இதை எழுதுவது எனக்கு நட்பைச் சம்பாதித்துத் தராது, ஆனால் மக்கள் இதைத் தெரிந்துகொள்ளாத வரை இது நிற்காது. சொத்து வரியும் அப்படித்தான். 2022-இல் வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது நிறையப் பேர் என்னிடம் வந்தார்கள். தனி ஒரு வீட்டின் வரியைக் குறைக்க கவுன்சிலரால் முடியாது. அளவு தவறாகப் போட்டிருந்தால் வருவாய்ப் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மனு எழுத உதவலாம்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் கவுன்சிலர் ஒரு பெண்ணாக இருந்து, நீங்கள் இதுவரை அவருடைய கணவரிடமோ அண்ணனிடமோ பேசிக்கொண்டிருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். மன்றத்தில் பேசக்கூடியவரும் கடிதத்தில் கையெழுத்துப் போடக்கூடியவரும் அந்தப் பெண்தான். "மேடத்திடம்தான் பேசணும்" என்று பணிவாகச் சொல்லி உட்காருங்கள். நாலு பேர் அப்படிக் கேட்க ஆரம்பித்தாலே வெளியே வந்து பேசத் தொடங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் பலர், வீட்டு ஆண்களைவிட வார்டை நன்றாகத் தெரிந்தவர்கள்.

பகுதி சபையைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரி கூட இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை கூட்ட வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் முறையாகக் கூட்டினார்கள், பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அதன்பிறகு எவ்வளவு ஒழுங்காகக் கூடுகிறது என்பது வார்டுக்கு வார்டு வித்தியாசப்படுகிறது. கிராமசபை அளவுக்கு இது மக்கள் பழக்கத்தில் வரவில்லை. கூட்டாத கவுன்சிலரிடம் "பகுதி சபை எப்ப?" என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டினால் பத்துப் பேராகப் போய், ஒரே ஒரு கோரிக்கையை வைத்து, அது நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். தனியாக என் வீட்டுக்கு வந்து சொல்லும் கோரிக்கையை நான் மறக்கலாம், குறிப்பில் ஏறியதை மறக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர்கள் ஓட்டைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பார்கள். இந்தத் தெருவில் பல வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. அதற்கான பட்டியல் அதற்கு மாதங்களுக்கு முன்பே மண்டலத்தில் தயாராகிறது. சாலைக்கும் வடிகாலுக்குமான மனு நவம்பருக்குள் கவுன்சிலர் கையில் இருந்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இடம் கேட்க அவருக்கு வசதி. ஏப்ரலில் கொடுத்தால் வார்டு நிதியில் மிச்சம் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு செலவைப் போட முன்வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தில் மீதியை அரசு தரும். பூங்கா, விளக்கு மாதிரி வேலைகளுக்கு இது சரி. சாலையும் வடிகாலும் அரசின் அடிப்படைக் கடமை, அதற்கு மக்களிடம் பணம் கேட்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

இவ்வளவும் செய்து கவுன்சிலர் அசையவில்லை என்றால் அவரைத் தாண்டிப் போகலாம், அதில் தவறில்லை. முதலமைச்சர் உதவி மையம் 1100-இல் பதிந்தால் மனு திரும்ப மண்டலத்துக்கே வரும், ஆனால் பதில் எழுத வேண்டிய கட்டாயத்தோடு வரும். அதைவிட எனக்கு நம்பிக்கை தகவல் உரிமைச் சட்டத்தில். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்தத் தெருவுக்குக் கடைசியாகப் போட்ட எஸ்டிமேட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக் பக்கத்தின் நகல், ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதி வரை என்ற விவரம், இப்படி ஆவணமாகக் கேளுங்கள். பொறுப்புக் காலம் முடிவதற்குள் பெயர்ந்த சாலை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதற்குப் புதிய நிதியே தேவையில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவிலேயே உரிமை இருக்கிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

உங்கள் தெருவைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதிய நான்கில் கழிவுநீரைத்தான் நான் முதலில் பிடிப்பேன். அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணி ஆணை போயாயிற்றா என்று டிப்போவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போயிருந்தால் சாலைக்கு இப்போது அழுத்தம் கொடுக்காமல் ஒட்டு வேலை மட்டும் கேளுங்கள். போகவில்லை என்றால் இந்த நவம்பருக்குள் சாலைக்கும் வடிகாலுக்கும் தனித்தனி மனு, கதவு எண்களும் படங்களும் புகார் எண்களும் சேர்த்து, கவுன்சிலரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிப்போவில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதினால், மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.